கரண்ட் இல்லாத வீட்டில் ஒரு கீபோர்டு

நவம்பர் 18, 2018, கீரமங்கலம் பக்கம்

கஜா புயல் அடித்து மூன்றாம் நாள். 16ஆம் தேதி விடிவதற்குள் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறி, எங்கள் தோப்பையும் முடித்துவிட்டுப் போனது. 68 தென்னையில் நிற்பது 9. நான்தான் எண்ணினேன். அப்பா தோப்புப் பக்கமே வரவில்லை.

நவம்பர் 21

மின்கம்பமெல்லாம் வயலில் கிடக்கிறது. ஊரில் வரி போட்டு ஜெனரேட்டர் எடுத்திருக்கிறார்கள். குடிதண்ணீர் மோட்டார் போக, போன் சார்ஜுக்குத் தெருவுக்கு அரை மணி.

நவம்பர் 24

கீபோர்டு செத்துவிட்டது. 'புன்னகை மன்னன்' வந்த வருஷம், 1986இல், ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்க அப்பா கடன்பட்டு வாங்கிய ஜப்பான் பெட்டி. திறந்தால் பீஸ் கண்ணாடிக்குள் ஒரே கருப்பு. புதுசு போட்டு, ஜெனரேட்டர் ஓடும் நேரம் சொருகினேன்; அதுவும் போச்சு. ஜெனரேட்டரில் வோல்டேஜ் எகிறும் என்று பயந்து டிவியையே யாரும் தொடவில்லை. எனக்கு முன்னாலேயே இதை யார் சொருகியது? கேட்டேன். அம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 25

டிரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது. அடுத்துள்ள நாலு டையோடில் ஒன்று, மீட்டரை எப்படி மாற்றி வைத்தாலும் பீப் அடிக்கிறது. ஒருவழிப்பாதை இருவழியானால் பீஸ் எப்படி நிற்கும்? பக்கத்தில் பெரிய கண்டன்சர் தலை உப்பி, அடியில் பிசின் மாதிரி கசிந்திருக்கிறது. அது வயசுக் கோளாறு. உள்ளே இருக்கும் திரவம் இத்தனை வருஷம் தாங்கியதே பெரிசு. டையோடு என்னவோ சில்லறைச் சாமான்தான். ஆனால் வாங்கப் புதுக்கோட்டை போகணும். பற்றவைக்க அயனுக்கும் கரண்ட் வேணும்.

நவம்பர் 26

கொசு. தூக்கமில்லை.

நவம்பர் 29

கட்டிலில் படுத்தபடியே அப்பா கேட்டார்: "டையோடுக்கு அங்கிட்டு என்ன ஓடுது?"

"டிசி."

"பைக் பேட்டரியும் டிசிதானடா?"

புயலுக்கப்புறம் சாப்பாட்டைத் தவிர அவர் வேறு பேசியது இன்றைக்குத்தான். கெட்ட டையோடையும் கண்டன்சரையும் நறுக்கி எடுத்தேன். பிளஸ், மைனஸ் மூன்று தடவை பார்த்து வயரை முறுக்கினேன். பேட்டரியில் 12.4 வோல்ட். 7805 ரெகுலேட்டரின் மூன்றாம் காலில் 5.02. சிவப்பு விளக்கு எரிந்தது.

பாட்டு வாசிப்பார் என்று பார்த்தால், கீழ்ஸ்தாயியில் ஒரே கட்டையை அழுத்திப் பிடித்தபடி காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

"உறுமல் இல்ல, பாரு."

டிசம்பர் 2

கரண்ட் வரவில்லை. பைக் எடுக்கணும், பேட்டரியைக் கழற்றிவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் எங்கேயோ போய்விட்டு வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னார்:

"68 இல்லடா, 71. கெணத்துக்கு வடக்கால மூணை விட்டுட்ட."