ஸ்விஃப்ட்டுக்கு மூச்சுத் திணறுது!

சென்னையில ஒரு காரைக் கடைசி நட்டு வரைக்கும் பிரிச்சுப் பார்க்கணும்னு ஆசையா? எழும்பூர் ஸ்டேஷன்ல இறங்குங்க. ஆட்டோ வேண்டாம், நடந்தே போயிடலாம். எந்தத் தெருவுல கார் கதவுகள் மட்டும் தனியா சுவர் மாதிரி அடுக்கியிருக்கோ, எங்கே ஹெட்லைட்டுங்க சரம் சரமா தொங்குதோ, எங்கே நடைபாதையே கிரீஸ் கலர்ல மின்னுதோ... அதுதான் புதுப்பேட்டை!

கூவம் கரையோரம் இருக்கிற இந்தத் தெருக்களுக்கு நான் போனது ஒரு ஏர் ஃபில்டருக்காக. நம்புங்க, ஒரே ஒரு ஏர் ஃபில்டர்!

கதை இங்கே ஆரம்பிக்கலை. ஜி.பி. ரோடுல ஆரம்பிச்சுது. அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியுற ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுதான் நம்ம ஊர் கார்களோட பியூட்டி பார்லர். சீட் கவர், ஸ்பீக்கர், ஃபாக் லைட், ஹாரன்... வண்டியை ஓரமா நிறுத்தினா போதும், நாலு பேர் ஓடி வந்து, "என்ன சார் பார்க்குறீங்க?"னு கேட்பாங்க. என் வகுப்புத் தோழன் ஒருத்தன் வீட்டுல செகண்ட் ஹேண்டுல வாங்கின ஸ்விஃப்ட் இருக்கு. பழைய 1.3 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். அதுக்கு 'கோல்டு ஏர் இன்டேக்' போட்டே தீரணும்னு ஒத்தைக்கால்ல நின்னான்.

அப்படின்னா என்னன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு குட்டி கிளாஸ். (பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது!) இன்ஜினுக்குப் பெட்ரோல் மட்டும் பத்தாது, காத்தும் வேணும். ஒரு கிலோ பெட்ரோல் முழுசா எரிய 14.7 கிலோ காத்து வேணும். அந்த 1,298 சிசி இன்ஜினை 6,000 ஆர்.பி.எம்.ல விரட்டினா, ஒரு வினாடிக்குக் கிட்டத்தட்ட 65 லிட்டர் காத்தை இழுக்கும். நம்ம ஹாஸ்டல் தண்ணி கேன் இருக்கே, அதுல மூணு கேனுக்கு மேல... ஒரே ஒரு வினாடியில! சூடான காத்து விரிஞ்சு லேசாயிடும். குளிர்ந்த காத்து அடர்த்தி. அதே 65 லிட்டர்ல ஆக்சிஜன் அதிகம், எரியுற பெட்ரோலும் அதிகம், பவரும் அதிகம். அதனால, பானெட்டுக்கு உள்ளே வெந்துக்கிட்டிருக்கிற காத்தை விட்டுட்டு, வெளிக் காத்தை இழுத்துட்டு வர்ற குழாய்தான் கோல்டு ஏர் இன்டேக். தியரி பக்கா!

ஜி.பி. ரோடு கடையில மூணு ஆப்ஷன் காட்டினாங்க. ஒண்ணு, கம்பெனி பெட்டியிலேயே பேப்பர் ஃபில்டருக்குப் பதிலா உட்காருற, கழுவி மறுபடி போடக்கூடிய பருத்தி ஃபில்டர். ரெண்டு, பெட்டியையே கழட்டி எறிஞ்சுட்டு, பளபளன்னு ஒரு குட்டி அலுமினியக் குழாயும் அதோட முனையில கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும். மூணு, அதே கூம்பை நீளமான குழாயோட முன் பம்பருக்குள்ள, தரையைப் பார்த்து இறக்கி வைக்கிறது.

"தம்பி, கூம்பு போடுங்க. சவுண்டே தனி!"ன்னார் கடைக்கார அண்ணன். அவ்வளவுதான், நண்பன் அவுட்! 4,500 சொன்னதை 2,800-க்கு முடிச்சோம். பத்து பாய்ன்ட் பேரம் பேசின பெருமை எனக்கு.

ரோட்டோரத்துலேயே வேலை நடந்துச்சு. இதுல கத்துக்கிட்டதை உங்களுக்கும் சொல்லிடறேன். முதல்ல பேட்டரியோட நெகட்டிவ் கேபிளைக் கழட்டணும். பழைய குழாயை எடுத்ததும் த்ராட்டில் பாடியோட வாய் திறந்துகிடக்கும். உடனே ஒரு சுத்தமான துணியால மூடிடணும். அதுக்குள்ள ஒரு ஸ்க்ரூ விழுந்தா இன்ஜினோட விதி முடிஞ்சுது! அப்புறம், இன்ஜின்ல இருந்து வர்ற பிரீதர் ஹோஸ், காத்து வெப்பம் பார்க்கிற சென்சார், ரெண்டையும் புதுக் குழாயில மறக்காம மாட்டணும். குழாய் பானெட்டுலயோ பேட்டரியிலயோ உரசக் கூடாது. கிளிப்பை இறுக்கிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் காதைக் கொடுங்க. எங்கயாவது 'ஸ்ஸ்ஸ்'னு கேட்டா, ஃபில்டரைத் தாண்டித் தூசிக் காத்து உள்ளே போகுதுன்னு அர்த்தம். உங்க வண்டியில காத்தை அளக்குற எம்.ஏ.எஃப். சென்சார் இருந்தா இன்னும் உஷாரா இருக்கணும். குழாயோட விட்டம் மாறினா அதோட கணக்கே மாறிடும். பருத்தி ஃபில்டர்ல எண்ணெயைக் கொழகொழன்னு தடவினா அந்த சென்சார்ல போய் ஒட்டிக்கும்.

இருபது நிமிஷத்துல வேலை முடிஞ்சுது. "பழைய பெட்டி வேணுமா?"ன்னு கேட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் கோரஸா சொன்னது... "வேணாம்ணா!"

இந்த வாக்கியத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க.

சத்தம் என்னமோ சூப்பர்தான். ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா 'உர்ர்ர்'னு ஒரு உறுமல். வேகம் கூடின மாதிரியே ஒரு ஃபீலிங். ஆனா ஸ்பீடோமீட்டர் முள் பழைய மாதிரிதான் மெதுவா நகர்ந்துச்சு. எனக்கு டவுட் வந்துடுச்சு. காலேஜ் புராஜெக்ட்டுக்கு வாங்கின டிஜிட்டல் தெர்மாமீட்டரோட ஒயரை ஃபில்டர் பக்கத்துல கட்டிவிட்டேன். வெளியே 36 டிகிரி. அண்ணா சாலை சிக்னல்கள்ல நின்னு நின்னு போனதுல கூம்புக்குப் பக்கத்துல... 64 டிகிரி!

கணக்கு போட்டுப் பாருங்க. 36 டிகிரி காத்தை விட 64 டிகிரி காத்து சுமார் 8 சதவிகிதம் லேசு. காசு கொடுத்து நாங்க மாட்டினது கோல்டு ஏர் இன்டேக் இல்லை பாஸ், ஹாட் ஏர் இன்டேக்! கழட்டி எறிஞ்சோமே அந்த அசிங்கமான கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி... அதோட மூக்கு, இன்ஜின் சூட்டுக்கு எட்டாம, முன்பக்கம் வெளிக் காத்தை வாங்குற மாதிரிதான் இருந்துச்சு. கம்பெனிக்காரன் ஃபேக்டரியிலேயே கோல்டு ஏர் இன்டேக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கான்!

நண்பன் விடலை. "அப்போ மூணாவது ஆப்ஷன். குழாயை பம்பருக்குள்ள இறக்கிடலாம். அங்க வெளிக் காத்து இருக்குல்ல?" நீளமான குழாய்க்கு ஒரு வளைவு தேவைப்பட்டுச்சு. அதைத் தேடித்தான் அண்ணா சாலையைத் தாண்டி, கூவத்தைத் தாண்டி, ஆதித்தனார் சாலை வழியா புதுப்பேட்டைக்கு வந்தோம்.

ஜி.பி. ரோடுல எல்லாமே கண்ணாடிக்குள்ள பளபளப்பா இருக்கும். புதுப்பேட்டை அப்படியே உல்டா. இங்கே ஒவ்வொரு பார்ட்டுக்கும் ஒரு ஃப்ளாஷ்பேக் இருக்கு. ஒரு கடையில கியர்பாக்ஸ் மட்டும். பக்கத்துக் கடையில ஸ்டியரிங் மட்டும். ஒருத்தர் தரையில உட்கார்ந்து டைனமோவுல இருந்து செப்புக் கம்பியைப் பொறுமையா உருவிக்கிட்டிருக்கார். மாடல் பேரைச் சொன்னா போதும். எந்த வருஷம், பெட்ரோலா டீசலான்னு ரெண்டே கேள்வி. அடுத்த நிமிஷம் ஒரு சின்னப் பையன் குவியலுக்குள்ள கையை விட்டு உங்க பார்ட்டை எடுத்துடுவான். எங்க மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூம்ல ஒரு ஸ்பேனர் தேட அரை நாள் ஆகும்!

தலை நரைச்ச கடைக்கார பாய், நாங்க சொன்னதை முழுசா கேட்டார். அப்புறம் கேட்ட ஒரே கேள்வி, "வீடு எங்க தம்பி?"

"வேளச்சேரி பாய்."

சிரிச்சார். உள்ளே போய் ஒரு இரும்புத் துண்டை எடுத்துட்டு வந்து என் கையில வெச்சார். கனெக்டிங் ராடு. லேப்ல நூறு தடவை பார்த்த சாமான்தான். ஆனா இது வாழைப்பூ மடல் மாதிரி வளைஞ்சிருந்துச்சு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்துல சிக்கின கார்ல இருந்து கழட்டினதாம்.

காத்தை அழுத்தினா அடங்கும். தண்ணி அடங்காது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா, எது பலவீனமோ அது வளையும். இதை ஹைட்ரோலாக்னு செமஸ்டர்ல ரெண்டு மார்க் கேள்விக்கு எழுதியிருக்கேன். கையில வாங்கினப்போதான் புரிஞ்சுது.

பாய் ஒரு டேப்பை நீட்டினார். அளந்தோம். பம்பருக்குள்ள கூம்பு வைக்க நினைச்ச இடம், தரையிலிருந்து 22 சென்டிமீட்டர். கம்பெனிப் பெட்டியோட மூக்கு இருந்த இடம், 68 சென்டிமீட்டர். வேளச்சேரியில மழைக் காலத்துல 22 சென்டிமீட்டர் தண்ணியெல்லாம் ஒரு கணக்கே இல்லைன்னு உங்களுக்குத் தெரியும். 2024 அக்டோபர்ல கனமழை எச்சரிக்கை வந்ததுமே, அந்த ஏரியா மக்கள் மேம்பாலத்து மேல வரிசையா கார்களை ஏத்தி நிறுத்தினாங்களே, ஞாபகம் இருக்கா? அதுல இவங்க வீட்டு ஸ்விஃப்ட்டும் ஒண்ணு.

நண்பன் அமைதியாயிட்டான். அவனோட அம்மா நர்ஸ். நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றவங்களை மழை நாள்ல போய்க் கூட்டிட்டு வர்றது அந்த வண்டிதான். விடியக்காலை நாலு மணிக்குத் தெருவுல தண்ணி தேங்கியிருக்க, பம்பருக்குள்ள கூம்பு இருந்தா என்ன ஆகும்? அதை யாரும் வாய்விட்டுச் சொல்லலை.

இருந்தாலும் கடைசியா ஒரு வாதம் வெச்சான். "இருங்காட்டுக்கோட்டை ட்ராக்ல ஓடுற எல்.ஜி.பி. ஃபார்முலா 4 கார்ல இருக்கிறதும் ஸ்விஃப்ட் இன்ஜின்தானே..." ஆமா, அது நிஜம்தான். ஆனா அந்த 3.7 கிலோமீட்டர் ட்ராக்குல பாதாளச் சாக்கடை மூடி திறந்திருக்காது, பைபாஸ்ல பஸ் தண்ணியை வாரி இறைக்காது. அங்கே முழு ஆக்ஸிலரேட்டர்ல போகலாம். நம்ம வேளச்சேரி ரோட்டுல ரெண்டாவது கியரைத் தாண்டுறதே சாதனை! இன்டேக்கால வர்ற கொஞ்சநஞ்சப் பவரும் ஆக்ஸிலரேட்டரை அடியோட மிதிச்சாதான் தெரியும். பாதி மிதிச்சு ஓட்டுறப்போ, காத்தை த்ராட்டில் வால்வே தடுத்துக்கிட்டுத்தான் இருக்கும்.

அப்போ என்ன பண்ணினோம்? அதே கடையில, உடைச்ச ஸ்விஃப்ட் ஒண்ணோட ஏர் கிளீனர் பெட்டியை, மூக்கோட சேர்த்து 600 ரூபாய்க்கு வாங்கினோம். ஆமாங்க... ஜி.பி. ரோடுல "வேணாம்ணா"ன்னு கோரஸ் பாடினோமே, அதே பெட்டி! பெட்டியோட விளிம்பு ரப்பர் கிழியாம இருக்கா, கிளிப்புகள் உடையாம இருக்கான்னு பார்த்து வாங்குங்க. பழைய பெட்டிகள்ல போறது அதுங்கதான். உள்ளே கழுவிப் போடுற பருத்தி ஃபில்டரை வெச்சோம். தெரு முனை மெக்கானிக் அண்ணன் கால் மணி நேரத்துல மாட்டிக் கொடுத்தார்.

ராத்திரி பத்து மணிக்கு மேல மெரினா காமராஜர் சாலையில ஒரு ரவுண்டு. தெர்மாமீட்டர் ஒயர் இப்போ பெட்டிக்குள்ள. வெளியே 30, உள்ளே 33! உறுமல் சுத்தமா போச்சு. நண்பன் முகத்துல லேசா சோகம். எனக்கு மட்டும் அந்த 33-ஐப் பார்த்து விசில் அடிக்கணும்போல இருந்துச்சு.

நீங்களும் இன்டேக் மாத்துற ஐடியாவுல இருந்தா ரெண்டு விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுங்குது. 2019-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரைக்கும் சிறையோ விதிக்க இடமிருக்கு. இன்னொண்ணு இன்ஷூரன்ஸ். தண்ணி புகுந்து இன்ஜின் போனா சாதாரண பாலிசி பெரும்பாலும் கைகொடுக்காது. 'இன்ஜின் புரொடெக்ட்'னு தனியா சேர்த்திருக்கணும். வீட்டுல பாலிசி பேப்பரை எடுத்துப் பாருங்க. அப்புறம், தண்ணிக்குள்ள வண்டி நின்னுட்டா தயவுசெஞ்சு மறுபடி செல்ஃப் அடிக்காதீங்க. தள்ளிக்கிட்டுப் போங்க, அசிங்கமே இல்லை!

புதுப்பேட்டைக்குப் போறவங்க காலையில பத்தரைக்கு மேல போங்க. பழைய பார்ட்டைக் கையோட எடுத்துட்டுப் போனா பேச்சே மிச்சம். வெள்ளைச் சட்டை போடாதீங்க, அனுபவம் பேசுது.

கூம்பு ஃபில்டரும் அலுமினியக் குழாயும் என்ன ஆச்சுன்னு கேட்கிறீங்களா? பாய் 400 ரூபாய்க்கு எடுத்துக்கிட்டு, கடை வாசல்ல ஒரு ஆணியில தொங்கவிட்டார். "இதைப் போய் யார் பாய் வாங்குவா?"ன்னு கேட்டோம். பதில் சொல்லாம டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்போ ஆணி மட்டும்தான் இருந்துச்சு.