அப்பா விட்டுவிட்டுப் போன இடம்

போன சனிக்கிழமை பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு சிதம்பரம் போயிருந்தேன். 1999 முதல் 2002 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஊர். அன்றைக்கு மீட்டர் கேஜ் ரயிலில், டிரங்குப் பெட்டியும் பிளாஸ்டிக் வாளியுமாக அப்பா கொண்டுவந்து விட்டார். 2010இல் அந்தப் பாதை அகலமாகிவிட்டது.

ஸ்டேஷனுக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் அண்ணாமலை நகர். 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம் என்று வரலாறு சொல்லிக்கொண்டே நடந்தேன். சின்னவன் கேட்டது வேறு: "அம்மா, தாத்தா உன்னை எங்க விட்டுட்டுப் போனாரு?"

விடுதி வாசலைக் காட்டினேன். நாலாக மடித்த ஐம்பது ரூபாய் நோட்டை உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனார் அப்பா. வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க வியர்வை. அது அப்படியே கண்ணில் நிற்கிறது. பிளஸ் டூ படிக்கும் மகள் ஒன்றும் பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கோயில். பரதம் கற்கும் மகள், கோபுர வாசலில் 108 கரணச் சிற்பங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டாள். சாயங்காலம் இட்லியும் கொத்சும். சுட்ட கத்தரிக்காயும் வறுத்து அரைத்த மல்லியும் மணக்கும் அந்தக் கொத்சு வேறெந்த ஊரிலும் எனக்கு வாய்த்ததில்லை. சின்னவன் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. வருகிற ஆண்டு மகளை விடுதியில் சேர்க்கப் போகிறோம்.