எண்ணா, பெயரா?

திருவனந்தபுரத்தின் தொலைபேசிக் குறியீடு 0471. 0471, 471 ஆகிய இரண்டும் கணக்கில் ஒன்றே, குறியீட்டில் ஒன்றல்ல.

எக்ஸ்எம்எல் கோப்பில் இக்குறியீடு எழுதியபடியே இருக்கும். அக்கோப்பில் உள்ளவை யாவும் எழுத்துகளே. எது எண், எது தேதி, எது பெயர் என்பதை அறிவிக்கத் தனியே ஒரு ஸ்கீமா வேண்டும். அது இல்லாதபோது, புள்ளியியல் மென்பொருள்கள் பலவும் நெடுவரிசையைப் பார்த்து வகையை ஊகிக்கின்றன. எல்லாம் இலக்கங்களாயின் எண் என்று முடிவுசெய்கின்றன. 0471 என்பது 471 ஆகிறது. எச்சரிக்கை ஏதும் எழுவதில்லை.

கேரளப் பல்கலைக்கழகம் 1962இல் வ. அய். சுப்பிரமணியத்தின் புறநானூற்றுச் சொல்லடைவை வெளியிட்டது. அத்தகைய அடைவொன்றை இன்று எக்ஸ்எம்எல் வடிவில் அமைத்து ஆராயப்புகும் மாணவர் முதலில் எதிர்கொள்வது பாடல் எண்ணை. அது அளவன்று, பாடலின் அடையாளம். பாடல் எண்களுக்குச் சராசரி கேட்டால் மென்பொருள் மறுக்காது, விடைக்குத்தான் பொருளிராது. மேலும் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவற்றின் சொல்லெண்ணிக்கை சுழியமாகப் பதிவானால் நூலின் சராசரி குறையும். விடுபட்ட மதிப்பாகப் பதிவானால் குறையாது. இல்லாத பாடலும் சொல்லில்லாத பாடலும் ஒன்றல்ல.

கேரளத்துச் சுவடிப் பட்டியல்களில் இன்னொரு சிக்கல் உண்டு. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தை மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்பர். அது கொல்லம் ஆண்டு 1099. ஆண்டு நெடுவரிசையில் 1099 என்று மட்டும் இருந்தால் மென்பொருள் அதை முழுஎண்ணாகக் கொள்வது சரியே. ஆனால் வெள்ளம் முதலாம் குலோத்துங்கன் காலத்துக்குப் போய்விடும். ஆகவே எந்த ஆண்டுமுறை என்பதற்குத் தனி நெடுவரிசை தேவை.

தீர்வு கடினமன்று. முதலில் எல்லா நெடுவரிசைகளையும் எழுத்துச்சரமாகவே இறக்குமதி செய்ய வேண்டும். ஆர் மொழியின் எக்ஸ்எம்எல்2 தொகுப்பு உரையை உரையாகவே பெற்றுத் தரும். பாண்டாஸில் 1.5ஆம் பதிப்பு முதல், எக்ஸ்எம்எல் கோப்பைப் படிக்கும்போதே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் வகையைக் குறிக்கலாம். சாஸ் மென்பொருளில் எக்ஸ்எம்எல்மேப் என்னும் துணைக்கோப்பு வகையையும் நீளத்தையும் அறிவிக்கும். அதன்பின் கூட்டவும் வகுக்கவும் வேண்டியவற்றை மட்டும் எண்ணாக மாற்றலாம். மாற்றத்திற்கு முன்னும் பின்னும் விடுபட்ட மதிப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது அவசியம். இவையனைத்தும் நிரலில் எழுதப்பட்டிருந்தால்தான் அடுத்துவரும் ஆய்வாளர் சரிபார்க்க இயலும்.

விரிதாள்கள் ‘மார்ச்1’ என்னும் மரபணுப் பெயரைத் தேதியாக்கிவந்த தொல்லையால், அப்பெயரே ‘மார்ச்எஃப்1’ என மாற்றப்பட்டது. 2020இல் வெளியான பெயரிடல் நெறிமுறைகள் இம்மாற்றத்தைக் குறிப்பிட்டன. மரபணுவுக்கு வேறு பெயர் வைக்கலாம். சுவடியில் எழுதப்பட்டதை அவ்வாறு மாற்ற இயலாது.

‘படி’ என்னும் சொல் பெயரா வினையா என்பதைச் சூழலைக் கண்டே தீர்மானிப்பது மொழியியலாரின் வழக்கம். ஒரு சொல்லுக்குக் காட்டும் அக்கவனத்தை ஒரு நெடுவரிசைக்கு ஏன் மறுக்க வேண்டும்?