வேடமும் விலக்கும்

காஞ்சிமாநகருக்கு மேற்கே, வேலூர் செல்லும் பெருஞ்சாலையை அடுத்து அமைந்தது எம்மூராகிய திருப்புட்குழி. புள் என்பது பறவை; ஈண்டு அது சடாயுவைக் குறிக்கும். பிறன் மனைவியைக் கவர்ந்து சென்ற இராவணனை எதிர்த்துப் போரிட்டுச் சிறகிழந்து வீழ்ந்த அப்பறவையரசனுக்கு இராமபிரான் ஈமக்கடன் ஆற்றிய இடம் இதுவே என்பது தலவரலாறு. திருமங்கையாழ்வார் பாடிய இத்தலத்தில் விசயராகவப் பெருமாள் எழுந்தருளியிருக்கின்றார். சிறுவர் செவிக்கு ஆகாது என்று கருதி, இராவணன் செய்த தீமையை ஒருவர் கதையினின்றும் நீக்கிவிட்டால் யாது விளையும்? சடாயு போரிட வேண்டுவதில்லை, வீழ வேண்டுவதில்லை, எம்மூருக்கு அப்பெயரும் இல்லை. தீமையை அழித்தெழுதினால், அதனை எதிர்த்து நின்ற அறமும் உடன் அழிந்துபோமன்றோ?

இவ்வெண்ணத்தை எம்முள் கிளர்த்தியவன் எம் தமக்கையார் மகன். அவனுக்கு வயது 15. தந்தையார் தறியில் பட்டு நெய்பவர். தமக்கையார் இராட்டையில் தார் சுற்றுபவர். கணினி விளையாட்டின் நன்மை தீமைகளை அவர்கள் அறியார். சிறுவனோ 'ஃபால்அவுட் 3' என்னும் விளையாட்டைத் தன் கணினியில் இட்டுத் தருமாறு எம்மைப் பன்முறை வேண்டினான். தமக்கையார், "நீ கல்லூரியில் படித்தவன். பிள்ளைக்கு எது தகும், எது தகாது என்று நீயே பார்த்துச் சொல், தம்பி" என்று பொறுப்பை எம்மிடம் விட்டார். மறுத்தால் அவன் ஒளிந்து ஆடுவான். இசைந்தால் பின் விளைவதற்கெல்லாம் யாமே தமக்கையார்க்கு விடை கூறுதல் வேண்டும்.

ஆதலின் யாம் முதற்கண் அதனை ஆடிப் பார்த்தோம். அமெரிக்காவின் பெதஸ்தா நிறுவனத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. அணுப்போரால் பாழ்பட்ட வாஷிங்டன் நகரைக் களமாக உடையது. ஆடுவோர் ஒரு வேடத்தை ஏற்று, அவ்வேடத்தின் பெயரையும் குணத்தையும் தாமே வகுத்துக்கொண்டு உலவுவர். அங்கே மெகாடன் என்றோர் ஊர், வெடியாது கிடக்கும் அணுகுண்டு ஒன்றைச் சூழ அமைந்துள்ளது. அக்குண்டைச் செயலிழக்கச் செய்யலாம். கூலி பெற்று வெடிக்கச் செய்யலாம். ஒன்றும் செய்யாது அகன்றுபோகவும் செய்யலாம். வெடித்தால் ஊர் அழியும், மீண்டு வாராது. யாம் குண்டைச் செயலிழக்கச் செய்தோம். அப்பொழுது உற்ற நிறைவு, வெடிக்கச் செய்யும் வழியும் எம் கையிலேயே இருந்தமையால் உண்டாயிற்று என்று தெளிந்தோம்.

இவ்விளையாட்டு நாடுதோறும் பட்ட பாடு பெரிது. 1945இல் ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழியக் கண்ட ஜப்பானில் வெளிவந்த பதிப்பில், ஊரை வெடிக்கச் செய்யும் வழி அடியோடு நீக்கப்பட்டது. அந்நாட்டார் நெஞ்சின் புண்ணை யாம் மதிக்கின்றோம். ஆயினும், ஆங்கு ஆடியவர்க்கு அவ்வூரைக் காத்தல் ஓர் ஏவலாயிற்றேயன்றி, தாம் தேர்ந்த அறமாகவில்லை. ஆஸ்திரேலியாவில், மார்ஃபின் என்னும் உண்மை மருந்தின் பெயர் வந்தமையால் தரக்குறி மறுக்கப்பட்டது. பின்னர்க் கற்பனைப் பெயரொன்றை இட்டே அனுமதி பெற்றனர். 18 வயது நிரம்பியோர்க்கு உரிய வகுப்பே அந்நாட்டு விளையாட்டுகளுக்கு அக்காலத்தில் இல்லை. 2013ஆம் ஆண்டு சனவரியில்தான் அது நடைமுறைக்கு வந்தது. பெரியோருக்கென ஒரு வாயில் இல்லாத வீட்டில் எல்லாரையும் சிறுவராகவே நடத்த வேண்டியதாயிற்று. நம் நாட்டிலோ, பண்பாட்டு உணர்வுகளைக் கருதி எடுத்த வணிக முடிவு என்று கூறி, இதன் எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பை வெளியிடாது விடுத்தனர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார். எவ்வுணர்வு என்று விளக்கினாரும் இலர். நம்மைக் கேட்டாரும் இலர்.

நம்மவர் உணர்வு அத்துணை மெல்லியதோ? காஞ்சியைச் சூழ்ந்த சிற்றூர்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதவிழாவில் இரவு முழுதும் கூத்து நிகழும். புயத்திலும் முடியிலும் மரக்கட்டை அணிகள் பூண்டு ஆடுதலின் இதனைக் கட்டைக்கூத்து என்பர். சூதாட்டமும், அவையில் ஒரு பெண்ணின் துகில் உரியப்படுதலும் சிறுவர் முதல் முதியோர் வரை யாவர் முன்னிலையிலும் ஆடப்படுகின்றன. கட்டியக்காரன் அரசனையும் எள்ளி நகையாடுவான். ஆயினும் கூத்தருக்கு ஓர் எல்லை உண்டு. துச்சாதனன் வேடம் பூண்டவர் அம்மனை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டிய பின்னரே துகிலைத் தொடுதலும் உண்டு. தீமை மறைக்கப்படவில்லை, அதனைத் தொடும் கைதான் நடுங்குகிறது.

இக்கூத்தில் பாட்டு நெடுநாள் வழக்கில் வந்தது; வசனமோ பெரும்பாலும் அவ்விரவில் கூத்தர் நாவில் பிறப்பது. 1954ஆம் ஆண்டுச் சென்னை மாகாண நாடகச் சட்டமோ, நாடக எழுத்துப்படியை முன்கூட்டியே அதிகாரிகளுக்குக் காட்டப் பணித்தது. பிறவாத சொல்லை எவ்வாறு எழுதிக் காட்டுவது? எழுத்தாளர் ஞாநி தொடுத்த வழக்கில், 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மைப் பிரிவுகளைச் செல்லாதனவாக்கிற்று. வேடமேற்று ஆடும் கணினி விளையாட்டும் ஒருவாறு இத்தகையதே; ஆக்கியோர் களத்தை அமைப்பர், கதையை முடிப்பது ஆடுவோர் கையில் உள்ளது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறுத்தல் ஆகாது. கூத்தில் சிறுவன் காண்பவன் மட்டுமே. அருகில் பாட்டியார் இருப்பார், ஊரார் இருப்பர். விளையாட்டிலோ அவன் தனித்திருக்கின்றான். துகிலைப் பற்றும் கை அவனுடைய கை. ஆகவே வயது என்பது பொருளற்ற வேலியன்று. இவ்விளையாட்டுக்கு ஐரோப்பியர் 18 என்றும் அமெரிக்கர் 17 என்றும் வயதெல்லை குறித்துள்ளனர்.

யாம் சிறுவனை அழைத்து, "இப்பொழுது வேண்டா. உனக்கு 18 வயது நிரம்பும் நாளில் யாமே வாங்கித் தருவோம், ஒரு காட்சியும் குறையாத பதிப்பைத் தருவோம்" என்றோம்.

"இதுவும் தணிக்கைதானே, மாமா?" என்றான் அவன்.

"அன்று. வாயிலில் நின்று வயது கேட்பது வேறு. உள்ளே புகுந்து கதையை வெட்டுவது வேறு. முன்னது உன்னைச் சிறிது காத்திருக்கச் சொல்கிறது, பின்னது நீ எக்காலத்தும் வளரமாட்டாய் என்று கொள்கிறது" என்றோம்.

அவன் முகம் மலரவில்லை. மூன்றாண்டு என்பது அவ்வயதினர்க்கு ஓர் ஊழி. தமக்கையார் மட்டும், "அப்போது அவன் ஊரை அழிப்பானா, காப்பானா?" என்று வினவினார். யாம் அறியோம். இன்றே அறிந்துவிடக்கூடுமாயின், அன்று அவன் செய்வது அவனுடைய தேர்வாகாது. நாம் செய்யக்கூடியதெல்லாம், அக்குண்டின் அருகே அவன் நிற்கும் நாளுக்குள் நடுங்கத் தெரிந்த கையொன்றை அவனுக்கு அமைத்துத் தருதலே ஆகும்.