எண்ணூர் ஆற்றங்கரையில் குவிந்த சாம்பல்

அனல்மின் நிலையச் சாம்பல் மலிவாகக் கிடைக்கிறது, வயலில் போடலாமா, பள்ளத்தை நிரப்பலாமா என்று நம் பக்கத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் உங்களை எண்ணூருக்கு அழைத்துப் போகிறேன்.

பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பும் கொசஸ்தலை ஆறு, வல்லூர் தடுப்பணையைத் தாண்டி, சென்னைக்கு வடக்கே எண்ணூரில் கடலில் சேர்கிறது. நம் பழையாறு மணக்குடியில் சேர்வதைப் போலத்தான். ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் கழிமுகம். அலையாத்திச் செடிகளும் உப்பளங்களும் உண்டு. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கும் குப்பங்களும் உண்டு.

இங்கே எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1970-ல் ஓடத் தொடங்கியது. 1975-க்குள் 60 மெகாவாட் அலகு இரண்டும் 110 மெகாவாட் அலகு மூன்றுமாக மொத்தம் 450 மெகாவாட் ஆயிற்று. நம் கோதையாறு நீர்மின் நிலையங்கள் வந்ததும் 1970-71-ல்தான். அங்கே 100 மெகாவாட். விழும் தண்ணீரே வேலை செய்கிறது, சாம்பல் கிடையாது. எண்ணூர் நிலையம் 47 ஆண்டு உழைத்து, 2017 மார்ச் 31-ல் மூடப்பட்டது. அதற்குள் அருகிலேயே வடசென்னை, வல்லூர் என்று பெரிய நிலையங்கள் வந்துவிட்டன.

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 700 கிராம் நிலக்கரி எரிகிறது. நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். 5 குதிரைத்திறன் மோட்டாரை ஒரு மணி நேரம் ஓட்டினால் சுமார் 4 யூனிட். அனல் மின்சாரமானால் அதற்கு எங்கோ ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவாகச் சாம்பல் விழுகிறது. அதைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வழக்கம். வடசென்னை நிலையத்தின் குழாய்கள் ஆற்றுப் பகுதியைக் கடந்து செப்பாக்கம் பக்கம் போகின்றன. குழாய் உடைந்து ஒழுகியபோதெல்லாம் சாம்பல் ஆற்றில் படிந்தது. ஆழம் குறைந்து, வலை வீசிய இடம் மேடாயிற்று. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. படிந்ததை அள்ளுவது எளிதல்ல.

இப்போது கேள்விக்கு வருவோம். நம் அடுப்புச் சாம்பல் விறகுச் சாம்பல். அதில் சாம்பல் சத்து உண்டு. வாழைக்கும் தென்னைக்கும் போடுகிறோம், நல்லதுதான். நிலக்கரிச் சாம்பல் வேறு. அதில் பெரும்பங்கு மணல் சத்தான சிலிக்காவும் அலுமினாவும்தான். பயிருக்கு எட்டும் சாம்பல் சத்து மிகக் குறைவு. போரான் அதிகமானால் இலை ஓரம் கருகும். ஆர்சனிக், ஈயம் போன்றவையும் சிறிதளவு இருக்கும். புளிப்பு மண்ணைத் திருத்தும் என்று நம்பியும் இதைக் கொட்ட வேண்டாம். மண் பரிசோதனை செய்து, தேவையான அளவு சுண்ணாம்போ டோலமைட்டோ இடுங்கள்.

இந்தச் சாம்பலுக்கு உரிய இடம் சிமெண்டும் செங்கலும். சாம்பல் செங்கல் வாங்கி வீடு கட்டுங்கள். குளத்து மண்ணாவது மிஞ்சும். ஆனால் வயல், குளம், கால்வாய்க்கரை, மணக்குடிக் காயல் ஓரம் ஆகிய இடங்களை நிரப்ப ஒரு லோடு கூட இறக்க விடாதீர்கள். லாரி வந்தால் கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத் துறைக்கும் அன்றே எழுத்தில் தெரிவியுங்கள். எண்ணூரில் மின் நிலையம் மூடி ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆற்றில் சேற்றோடு கலந்த சாம்பல் இன்னும் அங்கேதான் கிடக்கிறது.