கோடுகளின் துணிவு

அங்கதத்தைத் தொல்காப்பியர் இரண்டாகப் பகுத்தார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து உரைப்பது பழிகரப்பு அங்கதம். தொண்டைமானின் படைக்கலங்கள் பளபளப்பதைப் புகழ்ந்தே அவை போர்க்களம் காணாதவை என்று ஔவையார் உணர்த்தியது இரண்டாம் வகையைச் சேரும். இப்பாகுபாடு மாணவப் பருவத்தில் எனக்குத் தேர்வுக்குரிய செய்தியாகவே இருந்தது. அதன் உயிர்ப்பொருளைப் பின்னர் எனக்கு உணர்த்தியவர்கள் தமிழறியாத இரு மலாய்க் கலைஞர்கள்.

பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவன் நான். பணி முடிந்து திரும்பும் தந்தையார் ஆங்கில நாளேட்டைக் கையோடு கொண்டு வருவார். 1974 முதல் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் ஏட்டில் லாட் வரையத் தொடங்கிய பிறகு, தலைப்புச் செய்திக்கு முன் அவருடைய படத்தையே தந்தையார் தேடுவார். பேராக் மாநிலத்துக் கம்பத்தில் 1951இல் பிறந்த லாட், மலாய்க்காரர், சீனர், இந்தியர் என அனைவரையும் தம் கோடுகளுக்குள் குடியமர்த்தினார். தலைவர்களையும் அவர் விட்டுவைத்ததில்லை. ஆயினும், அவரது கேலி கிள்ளுமேயன்றிக் குத்தாது. கிள்ளப்பட்டவரும் சேர்ந்து சிரிக்கலாம். அது பழிகரப்பின் வழி.

செம்பொருள் வழியைத் தேர்ந்துகொண்டவர் சூனார் என்னும் சுல்கிப்ளி அன்வார் ஹாக். கெடாவில் 1962இல் பிறந்த அவர், நகைச்சுவை ஏடான கீலா-கீலாவில் வளர்ந்தவர். 1998இல் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டபோது எழுந்த சீர்திருத்த இயக்கம், அவரது தூரிகையை அரசியலின்பால் திருப்பியது. 2010இல் அவருடைய நூல்களை உள்துறை அமைச்சு தடை செய்தது. அவ்வாண்டு செப்டம்பரில், புதிய நூல் வெளியீட்டுக்குச் சில மணி நேரம் முன்னதாக அவர் கைது செய்யப்பட்டார். நூல்களை அச்சிட்டோரும் விற்றோரும்கூடச் சோதனைக்கு ஆளாயினர். தடை செய்யப்பட்ட நூல்களில் இரண்டை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இல் விடுவித்தது. ஆனால் 2015இல், அன்வார் வழக்கின் தீர்ப்பைக் கண்டித்துச் சமூக ஊடகத்தில் எழுதியதற்காக, 1948ஆம் ஆண்டு நிந்தனைச் சட்டத்தின்கீழ் ஒன்பது குற்றச்சாட்டுகள் அவர்மீது சுமத்தப்பட்டன. அனைத்தும் மெய்ப்பிக்கப்பட்டால் 43 ஆண்டுகள் வரை சிறை! ஆட்சி மாறிய பின், 2018 ஜூலையில் அவை மீட்டுக்கொள்ளப்பட்டன. சட்டமோ நீக்கப்படவில்லை.

அரண்மனையும் அமைச்சகமும் சார்ந்த இச்செய்திகள் நமக்கு எட்டத்திலிருப்பவை என்று எண்ணியிருந்தோரை 2021 திகைக்க வைத்தது. அவ்வாண்டு ஜனவரியில், நோய்த்தொற்றைக் காரணம் காட்டிக் கெடா மந்திரி பெசார் தைப்பூச விடுமுறையை இரத்துச் செய்தார். சூனார் அதைக் கேலிச்சித்திரமாக்கினார். மே மாதம் காவல்துறை அவரை விசாரணைக்கு அழைத்தது. முருகனுக்குக் காவடி எடுக்காத ஒருவர், காவடி எடுப்போருக்காகக் காவல் நிலையப் படியேறினார்.

அந்நாள்களில் கிள்ளான் தெங்கு கிளானா சாலைத் தேநீர்க் கடையொன்றில் இச்செய்தியை நண்பர்களிடம் கூறினேன். "நல்ல மனிதர்," என்றார் ஒருவர். "நமக்கேன் வம்பு, ஐயா?" என்றார் மற்றொருவர். முதலாமவர் மறுக்கவில்லை. இருவரும் தேநீரை அருந்தினர்.

இந்த 'நமக்கேன்' தான் என்னை உறுத்துகின்றது. தமிழுக்குக் கருத்துப்படம் புதிதன்று. பாரதியார் 1906இலேயே தம் 'இந்தியா' வார ஏட்டில் அரசியல் சித்திரங்களை அச்சேற்றினார். ஆட்சியாளரைக் கேலி செய்த அட்டைப்படத்துக்காக 1987இல் ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியன் சிறை சென்றார். அம்மரபின் கிளையாகிய நாம் இங்கே என்ன செய்தோம்?

ஒன்று சொல்வேன். எங்கள் வட்டாரத்து அமைப்பொன்றின் ஆண்டு மலருக்கு இளைஞர் ஒருவர் படம் வரைந்து தந்தார். தலைவர் அமர்ந்த நாற்காலி தரையில் வேர்விட்டுக் கிளைத்திருந்தது. கிளையொன்றில் குருவி கூடு கட்டியிருந்தது. படத்தைப் பார்த்த எழுவருமே சிரித்தோம். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. வெளியிட வேண்டும் என்றவர்கள் என்னோடு சேர்த்து மூவர். பெரியவர் மனம் நோகும் என்றவர்கள் நால்வர். அப்பக்கத்தில் நகைக்கடை விளம்பரம் வந்தது. அந்த இளைஞர் இப்போது விளம்பரப் பலகைகள் வரைகின்றார், நன்றாகவே வரைகின்றார்.

பிறர் ஆட்சியைக் கேலி செய்யும் கலைஞரை வீரர் என்று வாழ்த்துதல் எளிது. நம் நாற்காலிகளின் வேர்களைக் காட்டுபவனுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவது கடினம். அந்த ஒரு பக்கத்தை நாம் தராதவரையில், நமக்காகக் கோடு கிழிக்கப் பிறர்தான் வரவேண்டியிருக்கும். அதற்கான விலையையும் அவர்களே கொடுக்க வேண்டியிருக்கும்.