இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு நாள்

பெரிய காஞ்சிபுரத்திலிருந்து வெளியூர் கிளம்பினால் திருத்தணி, திருப்பதி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நான் போனது கார்ப் பந்தயப் பாதைக்கு! சிரிக்காதீர்கள் சகோதரிகளே. ஐம்பது வயதில், கையில் இட்லித் தூக்கோடு போய்விட்டு வந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சென்னைக் கடைகளுக்குப் பட்டுப் புடவை கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பிழைப்பு. வீட்டுக்காரருக்குத் தறியை விட்டு நகர முடியாது. பத்து வருஷமாகக் கார் ஓட்டியது நான்தான். சென்ற ஐப்பசியில் சுங்குவார்சத்திரம் அருகே கொட்டுகிற மழையில் முன்னால் போன லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். காலுக்கடியில் பெடல் கடகடவென்று உதறியது. 'ஐயோ, உடைந்துவிட்டதே' என்று காலை எடுத்துவிட்டேன். கார் வழுக்கிக்கொண்டு போய் நடுத்தடுப்பில் மோதியது. பின்சீட்டில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருந்த என் மகளுக்கு நெற்றியில் நாலு தையல்.

அதன் பிறகு பத்து மாதம் நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. "இனிமே டிரைவர் வெச்சுக்கலாம்" என்றார் அவர். நானும் தலையாட்டினேன். ஆனால் டிரைவர் வராத நாளில் புடவை மூட்டையோடு வாசலில் நிற்கும்போது, என் கையே என்னுடையதில்லை போலிருக்கும்.

சென்னையில் வேலை பார்க்கும் அக்கா பிள்ளைதான் பேச்சை எடுத்தான். அவன் பந்தய வீரன் இல்லை. லீவு நாளில் பணம் கட்டிப் பாதையில் ஓட்டிப் பார்க்கிற ஆசைக்காரன், அவ்வளவுதான். "சித்தி, புது டயர் போட்டிருக்கேன். ரோட்டைப் பிடிச்சா விடாது. ரெண்டு நாள் வாங்க. அங்க ஒருத்தர் உங்களுக்கும் சொல்லித் தருவார்" என்றான்.

முதல் நாள் விடியற்காலை மந்தாரை இலையில் வேகவைத்த காஞ்சிபுரம் இட்லியைத் தூக்கில் அடுக்கினேன். மிளகு, சீரகம், சுக்கு சேர்ந்தது. மத்தியானம் வரை கெடாது. என் காரை அவன்தான் ஓட்டினான். பொன்னேரிக்கரை வழியாகப் பெங்களூரு நெடுஞ்சாலை ஏறி, ராமாநுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் இருங்காட்டுக்கோட்டை. அவனுடைய காரை நண்பன் முன்னாடியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தான்.

அந்தக் காலத்தில் பந்தயமெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் நடந்தது. 1953-இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இங்கே தனிப் பாதை போட்டது, 1990-இலிருந்து ஓடுகிறார்கள். சுமார் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். ஃபார்முலா ஒன் வரை போன நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனும் ஓட்டிய பாதை இது. புடவை கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது. முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய ஷூ, ஹெல்மெட்! மகளின் சுடிதார் கைகொடுத்தது.

அந்த டயரைத் தொட்டுப் பார்த்தேன். சாதாரண டயரைவிட ரப்பர் மெத்தென்று இருந்தது. பள்ளக் கோடுகளும் குறைவு. நாலு சுற்று ஓடிவிட்டு வந்தால் கை வைக்க முடியாத சூடு. சூட்டில் உள்ளே காற்று விரிந்து அழுத்தம் ஏறுமாம். ஒவ்வொரு தடவையும் அளந்து கொஞ்சம் திறந்துவிட்டான். நன்றாகச் சூடேறினால்தான் பிடிக்கும், முதல் சுற்றில் நம்பக் கூடாது என்றான். தேய்மானமோ கேட்கவே வேண்டாம்! பாதையோரமெல்லாம் அழிரப்பர் தூள் மாதிரி கறுப்பு உருண்டைகள். அதன் விலையைக் கேட்டபோது எனக்கு ஒரு பாவுப் பட்டு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை முழுக்க அவனுக்குக் கொண்டாட்டம். ஞாயிறு காலை தூறல் போட்டது. பாதை நனைந்து, டயரும் சில்லிட்டிருந்தது. முதல் நாள் போன வேகத்திலேயே வளைவில் திருப்பினான். கார் பம்பரமாய் ஒரு சுற்றுச் சுற்றிப் புல்வெளியில் போய் நின்றது. எனக்கு உயிரே போய் வந்தது. நல்லவேளை, அடி ஒன்றுமில்லை. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தவனுக்கு முதலில் இட்லியைக் கொடுத்தேன்.

"பாத்தீங்களாம்மா, பிடிக்கிற டயர் பிடிக்கிற வரைக்கும்தான். விட்டா ஒரேயடியா விட்டுடும்" என்றார் சொல்லித்தரும் பெரியவர். அப்புறம் என் காரைச் சுற்றி வந்து, டயர் பக்கவாட்டில் இருந்த நாலு எண்களைக் காட்டினார். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். என் டயருக்கு வயது ஏழு! ரப்பர் இறுகி, பள்ளம் 1.6 மில்லிமீட்டரைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே போனால் மாற்றியே ஆக வேண்டுமாம். தண்ணீரை வெளியே தள்ளுவது அந்தப் பள்ளம்தான். தினம் கோலமாவு டப்பாவைக்கூடப் பார்க்கிறோம், டயரை யார் பார்க்கிறோம்?

மத்தியானம் பாதை காய்ந்து, மற்ற கார்கள் ஓய்ந்த நேரம். அவர் பக்கத்தில் உட்கார, நான் ஸ்டியரிங் பிடித்தேன். கை வேர்த்தது. நேரான இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில், "இப்ப மிதிங்க!" என்றார். மிதித்தேன். அதே கடகடப்பு! காலை எடுக்கப் போனேன்.

"விடாதீங்கம்மா! உடையலை. சக்கரம் பூட்டிக்காம இருக்க ஏ.பி.எஸ். விட்டு விட்டுப் பிடிக்குது. அந்த உதறல்தான் அது. இன்னும் அழுத்துங்க. எங்க போகணுமோ அங்க பாருங்க."

அழுத்தினேன். கார் நேராக நின்றது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது. பத்து மாதமாக நான் பயந்தது, என்னைக் காப்பாற்ற வந்த ஒன்றைப் பார்த்து! கார் வாங்கும்போது இதை ஒருவரும் சொல்லவில்லையே என்று ஆத்திரமும் வந்தது. எட்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

திரும்பும்போது சாவியை நான் வாங்கிக்கொண்டேன். பழைய டயர், அதனால் நிதானம். சுங்குவார்சத்திரத்தில் மழை பிடித்துக்கொண்டது. முன்னால் போன பஸ்ஸுக்கு இரண்டு மடங்கு இடம் விட்டேன். பக்கத்தில் அக்கா பிள்ளை வாயே திறக்கவில்லை.

வாசலில் அவர் குடையோடு நின்றிருந்தார். நான் ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, மகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாளைக்கு நாலு டயரும் மாத்தணும். சாதா டயர் போதும்" என்று சொல்லி, காலித் தூக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.